நாலு மணி விசில்

விசிலக்கா கோபக்காரி. இதை யாரும் முதுகுக்குப் பின்னால் சொல்ல வேண்டியதில்லை, அவளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே வேலை பார்த்தவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? நூறு பேர் ஏறுகிற வண்டியில் நூறு பேருக்கும் அவசரம். சில்லறை கேட்டால் முறைக்கிறவன், படியில் தொங்கிக்கொண்டு "உள்ள இடமில்லக்கா" என்கிறவன், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தூக்கத்தில் கோட்டை விட்டுவிட்டு அவளை ஏசுகிறவன். இத்தனை பேரையும் கட்டி மேய்க்க அவளிடம் இருந்தது ஒரு பித்தளை விசில். கறுப்புக் கயிற்றில் கழுத்தில் தொங்கும். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும். அதற்கு மேல் அந்த வண்டியில் சட்டம் கிடையாது.

அவள் எப்பேர்ப்பட்டவள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஒரு நாள் காலை, நல்ல கூட்டத்தில், ஒரு பெண்ணின் பர்ஸ் காணாமல் போனது. அக்கா இரண்டு கதவையும் அடைத்தாள். "டிரைவரண்ணே, எங்கயும் நிக்காதீங்க. நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுங்க" என்றாள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் ஒரு சீட்டுக்கு அடியில் பர்ஸ் தானாக முளைத்துவிட்டது. பறிகொடுத்தவள் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அதான் கிடைச்சிருச்சேம்மா, நிறுத்தும்மா, ஆபீசுக்கு நேரமாச்சு" என்று வண்டியே கத்தியது. அக்கா அசைந்து கொடுக்கவில்லை.

"பர்ஸ் கிடைச்சிருச்சு. எடுத்தவன் கிடைக்கலையே" என்றாள்.

அத்தனை பேரும் ஸ்டேஷன் வாசலில் இறங்கி, வரிசையில் நின்று, பையைக் காட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். எடுத்தவன் சிக்கினானா என்றால், இல்லை. மேலதிகாரி அவளுக்கு ஒரு மெமோ கொடுத்தார். மற்றவர்கள் விருது வாங்கிய காகிதத்தை வைத்திருப்பதுபோல அதை இரும்புப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறாள்.

ஓய்வு பெற்ற பிறகு அவளும் அவள் தங்கையும்தான் வீட்டில். தங்கைக்குத் தெருவில் சின்னவள் என்று பெயர். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது இளையவள், தையல்காரி. அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சின்னவள் செய்துகொண்டாள், இரண்டே வருஷத்தில் ஒரு காய்ச்சல் புருஷனைக் கொண்டுபோனது, பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். முன்னறை ஜன்னலோரம் அவளுடைய மிதி மெஷின். அது ஓடுகிற சத்தம் நின்றால் அந்த வீட்டில் சோறு ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அக்கா கத்துவாள், சின்னவள் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ஊசியை எடுத்ததும் ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "விடுக்கா."

தெரு நீளம், அகலம் கிடையாது. ஒரு முனை பெரிய ரோட்டில் திறக்கும். அங்கே பழக்காரரின் தள்ளுவண்டி நிற்கும். மறு முனை வாய்க்கால் ரோட்டில் திறக்கும். அங்கே கடைசி வீடு டிரைவர் அண்ணனுடையது. பத்தொன்பது வருஷம் அக்காவின் வண்டியை ஓட்டியவர், இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மூன்றே முக்காலுக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வந்து, வாசலில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். வீட்டுக்குள் போனால் மனைவி வேலை சொல்வாள் என்பது ஒரு காரணம்.

ஒரு நாள் நாலு மணிக்கு, தைத்து முடித்த ரவிக்கையை மாடி வீட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டுச் சின்னவள் திரும்பிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு பைக் வந்தது. ஒரு கை நீண்டு கழுத்துச் சங்கிலியைப் பிடித்தது. அது அவள் புருஷன் போட்ட ஒரே நகை, கெட்டியாகச் செய்தது. சட்டென்று அறுந்திருந்தால் சங்கிலியோடு போயிருக்கும். அறுபடவில்லை. பைக் அவளைப் பத்தடி இழுத்துக்கொண்டு போய், அதன் பிறகுதான் அறுந்தது. அவள் விழுந்த இடத்தில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது, இடுப்பு எலும்பு அதில் போய் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்தார்கள். ஆள் பிழைத்ததே பெரிது என்றார்கள். எழுந்து நிற்பதற்கு ஒரு ஆள் வேண்டும், மெஷின் மிதிப்பதை மறந்துவிட வேண்டும் என்றார்கள். போலீஸ்காரர் வந்து கட்டிலருகே உட்கார்ந்து எழுதினார். வண்டி நம்பர் தெரியுமா? தெரியாது. முகம்? ஹெல்மெட் போட்டிருந்தான். வேறென்ன பார்த்தீர்கள்?

"வெள்ளைச் சட்டை, முழுக்கை" என்றாள் சின்னவள். "இடது மணிக்கட்டுல இருக்கிற பொத்தான் அந்தச் சட்டையோடது இல்ல. மத்ததெல்லாம் நாலு ஓட்டை. அது மட்டும் ரெண்டு ஓட்டை, பழுப்பு நிறம். கறுப்பு நூல்ல யாரோ அவசரத்துக்குத் தெச்சிருக்காங்க."

கழுத்தை அறுக்கிற நேரத்தில் பொத்தானில் எத்தனை ஓட்டை என்று பார்த்தவள் உலகத்தில் இவள் ஒருத்திதான் இருப்பாள். போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பொத்தானை வெச்சு ஆளைப் பிடிக்கணும்கிறீங்க" என்று பேனாவை மூடினார். அந்தச் சிரிப்பை அக்கா மன்னிக்கவே இல்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் கேட்கும்படி சொன்னாள்: "என் தங்கச்சி கழுத்துல விழுந்த அந்தக் கையை ஒடிக்காம விட்டேன்னா நான் நானில்ல."

"விடுக்கா" என்றாள் உள்ளேயிருந்து சின்னவள்.

சும்மா சொல்லக் கூடாது, தெரு ஒன்றுகூடியது. டீச்சர் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம். தெருச் சங்கத்துக்கு ஒரு செயலாளர் உண்டு. அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தும் அலுவலகம் அவரை விட்டு ஓய்வு பெறவில்லை. எதைச் சொன்னாலும் தீர்மானமாகச் சொல்வார், எழுதிக்கொள்வார், அடியில் கோடு போடுவார். ஒவ்வொரு வீடும் ஒரு மணி நேரம் ஜன்னலில் கண் வைக்க வேண்டும், தெரியாத பைக் வந்தால் அக்காவுக்குக் குரல் கொடுக்க வேண்டும், அக்கா விசில் ஊத வேண்டும் என்று முடிவானது. ஒரு விசில் என்றால் சந்தேகம், உஷாராக இருங்கள். இரண்டு விசில் என்றால் திருடன், இரண்டு முனையையும் அடையுங்கள். பழக்காரர் தள்ளுவண்டியைக் குறுக்கே விடுவார், டிரைவர் அண்ணன் வேனைக் குறுக்கே நிறுத்துவார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினாள், அண்ணனும் தட்டினார். பத்தொன்பது வருஷம் அதே விசிலில் குடும்பம் நடத்திய இரண்டு பேருக்கும் அதில் என்ன கோளாறு என்று அந்த நிமிஷம் உறைக்கவில்லை.

இரண்டு வாரத்தில் உறைத்தது. நாலு மணி. பெரிய ரோட்டுப் பக்கமிருந்து ஒரு பைக் மெதுவாக நுழைந்தது. இடது கண்ணாடி இல்லாத பைக். டீச்சர் மாடியிலிருந்து கை காட்டினாள், அக்கா ஒரு விசில் கொடுத்தாள். டிரைவர் அண்ணன் பேப்பரைக் கீழே போட்டார், வேனைக் கிளப்பினார், தெரு வாயில் நடுவாகக் கொண்டுவந்து ஒரே மிதியாக மிதித்து நிறுத்தினார். ஒரு விசிலுக்கு அவர் கால் அப்படித்தான் செய்யும். எலி கூட வெளியே போக முடியாது. அதற்குள் பைக்காரன், நடந்து போன ஒரு பெண்ணின் கைப்பையைப் பறித்துவிட்டான். அக்கா நெஞ்சிலிருந்த மூச்சு முழுவதையும் திரட்டி இரண்டு விசில் கொடுத்தாள்.

வேன் கிளம்பிவிட்டது.

அவ்வளவு மரியாதையாக, இண்டிகேட்டர் எல்லாம் போட்டு, வாய்க்கால் ரோட்டில் இடது பக்கம் ஒதுங்கி வழி விட்டது. பைக்காரன் அதைத் தாண்டும்போது கையைத் தூக்கி நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனான். கம்பி நீட்டிய திருடனுக்குக் கதவு திறந்துவிட்ட தெரு என்று மறுநாள் அடுத்த தெருவரைக்கும் பேச்சு.

டிரைவர் அண்ணன் வேனை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா மூச்சிரைக்க ஓடி வந்து வேன் கதவில் அடித்தாள்.

"என்னண்ணே பண்ணிட்டீங்க! பாவி, கையில கிடைச்சவனை!"

"நான் என்ன பண்றது கண்டக்டர்? நீ ரெண்டு விசில் குடுத்தா என் கால் என்னைக் கேக்காது. அது பாட்டுக்கு அமுக்கிருது."

செயலாளர் தீர்மானம் மீறப்பட்டதாகக் குதித்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் நோட்டை மூடிக்கொண்டார். அன்றைக்கே சட்டம் மாறியது. இனிமேல் ஒரே ஒரு நீள விசில். கேட்டால் எல்லாம் நிற்க வேண்டும், எல்லாம் அடைபட வேண்டும். இரண்டாவது விசில் என்ற பேச்சே கூடாது.

செயலாளர் தம் பங்குக்குத் தெருவின் இரண்டு முனையிலும் பெரிய பலகை எழுதி மாட்டினார். 'இத்தெரு இருபத்துநான்கு மணி நேரமும் கண்காணிக்கப்படுகிறது. அந்நியர்கள் எச்சரிக்கை.' சிவப்பு எழுத்து, மேலே ஒரு பெரிய கண். அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் வேலை செய்தது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். ஒரு செருப்புகூடக் காணாமல் போகவில்லை. பெண்கள் பழையபடி கழுத்தில் நகையோடு நடந்தார்கள். ஜன்னலில் கண் வைக்கிற முறையை யாரும் தட்டவில்லை. ஒருவர் வெளியே போனால் மற்றவர் அந்த வீட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். குற்றமில்லாத தெரு என்று செயலாளர் ஒரு கூட்டம் போட்டு வாழ்த்துச் சொன்னார்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொன்னால், அந்தத் தெருவில் திருட்டு நின்றதற்காக வருத்தப்பட்ட ஒரே ஆள் அவள்தான். பர்ஸ் கிடைத்துவிட்டது, எடுத்தவன் கிடைக்கவில்லை. இவர்களுக்கு அவன் வராமல் இருந்தால் போதும். அவளுக்கு அவன் வந்தாக வேண்டும்.

ஒரு மத்தியானம் அவள் திருப்புளியோடு கிளம்பிப் போய், டிரைவர் அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பலகையையும் கழற்றினாள். அண்ணனுக்கு மனசில்லை. ஆனால் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்த அந்த நாளுக்குப் பிறகு அவளிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. செயலாளர் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? அதுதானே அவனை வர விடாம வெச்சிருக்கு!"

"அதுக்குத்தான் கழட்டறேன்" என்றாள் அக்கா ஏணி மேலிருந்து. "சாயம் போயிருச்சு, புதுசா எழுதி மாட்டலாம்னு உங்க நோட்டுல எழுதிக்கோங்க."

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு அக்கா தெருவில் நடந்தாள். கழுத்தில் பளபளவென்று ஒரு கவரிங் சங்கிலி, இழுத்தால் உடனே அறுந்துவிடுகிற மாதிரி நடுவில் நூலால் கட்டியது. விசிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வயதான, கால் வலிக்கிற, ஏமாந்த பொம்பளை மாதிரி நடக்க வேண்டும். கால் வலி நிஜம்தான், மற்றது நடிப்பு. பெரிய ரோட்டு முனையிலிருந்து வாய்க்கால் முனை, திரும்பப் பெரிய ரோட்டு முனை. ஐந்து மணி வரைக்கும். மழையிலும் நடந்தாள். டீச்சர் மாடியில், பழக்காரர் ஒரு முனையில், அண்ணன் மறு முனையில், எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தார்கள். அவனை நினைத்துக்கொண்டேதான் நடப்பாள். எந்த விரலை முதலில் என்று கூட யோசித்து வைத்திருந்தாள்.

கிளம்புகிறபோது சின்னவளை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் ஸ்டூலில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள். ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் சொம்பு வைத்தது வைத்தபடி நிறைந்திருக்கும்.

"ஏன்டி, தண்ணி குடிச்சா என்ன குறைஞ்சா போயிருவ? மருந்துச் சூட்டுக்கு உடம்பு வறண்டு கிடக்கு" என்று வெளுத்து வாங்குவாள்.

"தாகமில்லக்கா" என்பாள் சின்னவள். மூடி வைத்த மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படி இரண்டு மாதம்.

அவன் வந்த நாளில் வெயில் சற்று அதிகம். அக்கா வாய்க்கால் பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். பின்னால் பைக் சத்தம் மெதுவாகி, பிறகு ஒரேயடியாகச் சீறியது. கழுத்தில் ஒரு விரல் பட்டது. நூல் பட்டென்று விட்டது. இடது கண்ணாடி இல்லாத பைக் அவளைத் தாண்டிப் போனது. அக்கா முந்தானையிலிருந்து விசிலை இழுத்தாள். எட்டு மாதமாக உள்ளே வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து ஒரே விசிலாக ஊதினாள்.

வேன் தெரு வாயில் வந்து அறைந்தாற்போல நின்றது. அவன் திரும்பினான். பெரிய ரோட்டுப் பக்கம் பழக்காரர் வண்டியைக் குறுக்கே தள்ளியிருந்தார், தள்ளிய வேகத்தில் ஆரஞ்சுப் பழமெல்லாம் தெருவில் உருண்டது. பைக் ஒரு பழத்தின் மேல் ஏறி வழுக்கிச் சாய்ந்தது. ஒரு கால் பைக்குக்கு அடியில். அவன் எழுந்திருப்பதற்குள் நாலு வாசலிலிருந்து எட்டுப் பேர். கையும் களவுமாக என்பார்களே, அப்படி. கவரிங் சங்கிலி அவன் விரலில் சுற்றியபடியே இருந்தது.

ஹெல்மெட்டைப் பிடுங்கினார்கள். இருபத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான ஆள், முழங்கால் சிராய்த்து ரத்தம். "போடு ரெண்டு" என்றது ஒரு குரல். பழக்காரர் எடைக்கல்லைக் கையில் எடுத்துவிட்டார். அவர் பழமெல்லாம் தெருவில் கிடந்த கோபம் வேறு. செயலாளர்கூடச் செருப்பைக் கழற்றினார். அக்கா அங்கே வந்து சேர்ந்து ஒரு விசில் கொடுத்தாள். எல்லாக் கையும் அந்தரத்தில் நின்றது.

"யாரும் தொடாதீங்க" என்றாள். "இவன் எனக்கு."

டீச்சர் மாடியிலிருந்து போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். அக்காவுக்கு நேரம் கொஞ்சம்தான் இருந்தது. அவன் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டில் பழுப்புப் பொத்தான், இரண்டு ஓட்டை, கறுப்பு நூல். எட்டு மாதத்தில் ஒருத்தன் தன் சட்டைப் பொத்தானைக்கூட மாற்றவில்லை. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. அவன் சுண்டு விரலைத் தனியாகப் பிரித்தாள்.

"அம்மா, தெரியாம பண்ணிட்டேன்மா. விட்டுருங்கம்மா."

"பத்தடி இழுத்துட்டுப் போனியே, அதுவும் தெரியாமலா?"

விரலைப் பின்னால் வளைத்தாள். அவன் அலறினான்.

"அக்கா, இரு."

சின்னவள். நாற்காலியோடு அவளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு அண்ணன் தம்பிகளைக் கத்திக் கூப்பிட்டாளாம். அவள் கத்தி அந்தத் தெரு கேட்டதே இல்லை.

"விடுக்கான்னு சொல்லாத" என்றாள் அக்கா. "இன்னிக்கு மட்டும் சொல்லாத."

"சொல்லல" என்றாள் சின்னவள். "அவனை இங்க அனுப்பு."

அவனை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சின்னவள் அவன் கையை எடுத்துப் பொத்தானை ஒரு முறை தடவிப் பார்த்தாள். தையல் சரியில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"என்னைத் தூக்கி நிறுத்து."

அவன் விழித்தான்.

"இழுத்துத் தள்ளத் தெரிஞ்ச கைக்குத் தூக்கத் தெரியாதா? தூக்கு."

அவன் குனிந்து அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். சின்னவள் இரண்டு கையையும் அவன் தோளில் போட்டு எழுந்து நின்றாள். வலது கால் தரையில் பட்டும் படாமலும் இருந்தது. உடம்பின் கனத்தை எல்லாம் அவன் மேலேயே போட்டாள்.

"நல்லாப் பிடிச்சுக்கோ" என்றாள் அவன் காதருகில். "போலீஸ் வர்ற வரைக்கும் நீதான் என் கால். முதல் ரெண்டு மாசம் எல்லாமே படுக்கையில. எங்கக்கா அள்ளினா. எனக்கு நாப்பத்தெட்டு வயசு, வெட்கமா இருக்கும், சுவத்தைப் பாத்துக்குவேன். பாதி தெச்ச ரவிக்கை பதினோரு பேரோடது இருந்துச்சு. முடிக்காமலேயே திருப்பிக் குடுத்தேன். என் வாழ்க்கையில அப்படிக் குடுத்ததில்ல. மெஷினுக்குப் போர்வை போத்தி வெச்சிருக்கேன், செத்தவங்களுக்குப் போத்துற மாதிரி. ராத்திரி தூக்கத்துல கால் தானா மிதிக்கும், அப்ப முழிச்சுக்குவேன்."

சிராய்த்த முழங்கால் மடங்கப் பார்த்தது.

"அம்மா, முடியலம்மா. உட்கார வைக்கட்டுமா?"

"வேண்டாம். விட்டா விழுவேன். ஒரு தடவை தள்ளினவன்தானே, இன்னொரு தடவை தள்ளணும்னா தள்ளு. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

அவன் விடவில்லை. விட முடியவில்லை. வியர்வை அவன் மூக்கு நுனியில் சொட்டியது. அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். தான் ஒடிக்க நினைத்த கை அதுதான். இவள் ஒடிக்காமலே ஒடித்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. இத்தனை வருஷம் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்குள் இவ்வளவு விஷம் இருந்ததா என்று பெருமையாகக்கூட இருந்தது. இன்னும் சொல்லுடி, இன்னும் சொல்லு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

சின்னவள் சொன்னாள்.

"நாலு மணி ஆனா எங்கக்கா உன்னைத் தேடிப் போயிருவா. தினமும். மழை பெஞ்சாலும். அஞ்சு மணி வரைக்கும் வீட்டுல ஆள் இருக்காது. எனக்கு எழுந்திருக்க ஆள் வேணும். ஒண்ணுக்கு வந்தா யாரைக் கூப்பிடுறது? ஜன்னல்ல கத்தி ஊரைக் கூட்ட முடியுமா? ஒரு தடவை நாற்காலியிலேயே போயிருச்சு. அவ வர்றதுக்குள்ள புடவையைச் சுருட்டி, உட்கார்ந்த இடத்துலயிருந்தே குனிஞ்சு தரையைத் துடைச்சு, காய்ஞ்ச மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதுலயிருந்து மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்கிறதில்ல. பக்கத்துலயே சொம்பு இருக்கும். பாத்துக்கிட்டே இருப்பேன். அதுவும் உன்னாலதான். தெரிஞ்சுக்கோ."

அவள் அக்காவைப் பார்க்கவில்லை. அவனிடம்தான் சொன்னாள். ஆனால் தெருவில் இருந்த அத்தனை பேரும் அக்காவைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பழக்காரர் குனிந்து பழம் பொறுக்க ஆரம்பித்தார்.

அக்கா எண்ணிப் பார்த்தாள். அறுபது நாள், அறுபது சொம்பு. ஒவ்வொரு நாளும் அவளைத் திட்டியிருக்கிறாள். ஒரு நாள் அந்தத் தண்ணீரை வாசல் செடியில் கோபமாகக் கொட்டியும் இருக்கிறாள்.

ஜீப் வாய்க்கால் ரோட்டுப் பக்கம் வந்து நின்று ஹாரன் அடித்தது. வேன் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் உள்ளே உட்கார்ந்து, ஒரு கை கியரில், அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் மறுபடி அடித்தது. "வண்டிய எடுங்கய்யா" என்று செயலாளர் கத்தினார். அண்ணன் கால் அசையவில்லை. அக்கா விசிலை வாயில் வைத்தாள். மூச்சு வரவில்லை. மறுபடி வைத்தாள். வெறும் காற்றுத்தான் போனது, உள்ளே இருக்கிற மணி உருளக்கூட இல்லை.

சின்னவள் அவன் தோளிலிருந்து ஒரு கையை எடுத்து அக்கா பக்கம் நீட்டினாள்.

"ரைட் குடுக்கா" என்றாள். "நேரமாகுது. எனக்கு உள்ள போகணும்."

அக்கா வந்து அந்தக் கையின் அடியில் தன் தோளைக் கொடுத்தாள். சின்னவள் மறு கையையும் எடுத்தாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான், இரண்டு கையும் மடியில் கிடந்து துள்ளின. அக்கா தங்கையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டு விசில் கொடுத்தாள். வேன் கிளம்பி ஒதுங்கியது. ஜீப் உள்ளே வந்தது.

அவனை ஏற்றுவதைப் பார்க்க அக்கா நிற்கவில்லை. எட்டு மாதம் காத்திருந்த காட்சி அது, முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்தது. தங்கையைக் கொல்லைப்புறம் கூட்டிப் போனாள், பிறகு நாற்காலியில் உட்கார வைத்தாள். ஸ்டூலில் சொம்பு நிறைந்திருந்தது.

சின்னவள் அதை இரண்டு கையாலும் எடுத்து, மூச்சு விடாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். வெறும் சொம்பை அக்காவிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் கொண்டாக்கா" என்றாள்.